செப்புத் தகடும் எர்த்து அண்ணாச்சியும்

ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை மின்சாரத்துக்குப் பயப்படாத ஆட்கள் அந்தக் காலத்தில் இரண்டே வகைதான். ஒன்று, அதுவரை மின்சாரத்தையே கண்ணால் பார்த்திராதவர்கள். இன்னொன்று, எர்த்து அண்ணாச்சி. முதல் வகையில் ஊர் ஊராக ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் வகையில் அவர் ஒருவர்தான். அந்த ஒருவரிடம் போய் நான் குமாஸ்தாவாக மாட்டிக்கொண்டேன்.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள். அதை எங்கள் நாகர்கோவில் கோட்டாறு முழுக்கத் தேடினாலும் தெரிந்தவர் கிடைக்கமாட்டார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் சுவிட்சுப் பலகைக்குத்தான் போகும். "எர்த்து போட்டிருக்கா?" என்பதுதான் அவர் குசலம் விசாரிக்கும் முறை. துஷ்டி கேட்கப் போன வீட்டிலும் அதைத்தான் கேட்டார். செத்தவர் எண்பது வயதில் படுக்கையில் கிடந்து செத்தவர் என்று அழுதுகொண்டே எடுத்துச் சொன்னார்கள். "அது செரி, இருக்குதவங்களுக்காவது போடணும்லா" என்றார். அன்று முதல் அவர் எர்த்து அண்ணாச்சி.

எர்த்து என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. மோட்டாருக்குள் ஓடும் கம்பி எங்காவது தோலுரிந்து இரும்பைத் தொட்டுவிட்டால், மோட்டாரின் உடம்பு முழுக்கக் கரண்டு ஏறிவிடும். அந்தக் கரண்டை ஆளின் மேல் பாயவிடாமல் பூமிக்குள் அனுப்ப ஒரு கம்பி வேண்டும். அந்தக் கம்பியின் மறுமுனையில் ஒரு செப்புத் தகட்டைக் கட்டி, ஆழமாகக் குழி தோண்டி இறக்கி, சுற்றிலும் உப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடுவார்கள். மண் ஈரமாக இருக்க அவ்வப்போது தண்ணீர் ஊற்றவேண்டும். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவுக்காக அவர் செய்த அட்டகாசம்தான் நான் சொல்ல வந்தது.

நாடு சுதந்திரமடைந்த வருஷம் அண்ணாச்சி கம்பெனியைத் தொடங்கினார். ஒரு சாமி பெயர், அதன் பின்னால் 'எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டலேஷன்ஸ்'. கடையின் அகலம் ஏழு முழம். பெயர்ப்பலகை அதைவிட நீளம். மிச்சத்தைப் பக்கத்துச் சந்துக்குள் மடக்கி ஆணியடித்திருந்தார். நேரே வருகிறவர்களுக்கு நாங்கள் வெறும் எலக்ட்ரிக்கல். சந்துக்குள் ஒதுங்க வருகிறவர்களுக்கு மட்டும் இண்டஸ்ட்ரியல். கம்பெனியின் மொத்தப் படை அண்ணாச்சி, வயர்மேன் தங்கையன், நான். திருவிதாங்கூரில் பிறந்து, திருக்கொச்சியில் வளர்ந்து, ஐம்பத்தாறில் சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்த கம்பெனி அது. மூன்று சர்க்காரோடும் சண்டை போட்ட பெருமை அதற்கு உண்டு.

என்னை வேலைக்கு எடுத்த விதத்தைக் கேளுங்கள்.

"கணக்கு வருமா?"

"வரும்."

"டைப்பு?"

"லோயர் பாஸ்."

"ஷாக்கு அடிச்சிருக்கா?"

"இல்லை" என்றேன், நல்ல குடும்பத்துப் பையன் என்று காட்டுகிற தோரணையில்.

"அப்போ எந்த தைரியத்துல மக்கா கரண்டுக் கம்பெனிக்கு வந்தே? இந்தா, இதப் புடி."

இரண்டு கம்பிகளைக் கையில் கொடுத்தார். அவை ஒரு மரப்பெட்டியிலிருந்து வந்தன. பெட்டிக்குப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. மெக்கர் என்று பெயர். ஒயரின் தோல் நன்றாக இருக்கிறதா என்று சோதிக்கிற கருவி. சுற்றினால் அதற்குள்ளேயே கரண்டு பிறக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணாச்சி ஐஸ்கிரீம்காரரைப் போல உற்சாகமாகச் சுற்றினார். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் பிறகு நின்ற இடத்துக்கும் நடுவே ஒரு மேஜை இருந்தது. அதை எப்படித் தாண்டினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"கொள்ளாம். உயிருள்ள ஆளுதான். நாளைக்குக் காலம்பற வந்துரு."

வீட்டில் சொன்னேன். அம்மா வேலையே வேண்டாம் என்றாள். அப்பா, உத்தியோகம் என்றால் கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தான் செய்யும் என்றார்.

போன முதல் வாரமே அடுத்த அதிர்ச்சி. வெளிச்சம் மங்கலாக இருக்கிறது என்று ஒரு சாயாக்கடைக்காரர் புகார் கொண்டுவந்தார். அண்ணாச்சி அவர் கடைக்குப் போனார், பிளக்கைக் கழற்றினார், இடது கைச் சுண்டுவிரலின் புறத்தால் உள்ளே ஒரு தட்டுத் தட்டினார். "இருநூறு வோல்ட்டு கூட வரல்ல. பல்பு பாவம், அது என்ன செய்யும்?" என்றார். கடைக்காரர் பெஞ்சில் சாய்ந்துவிட்டார். அவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்த கையோடு, "எர்த்து போட்டிருக்கா?" என்று காதருகே குனிந்து கேட்டார் அண்ணாச்சி.

சுசீந்திரத்துக் கல்யாண வீட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் நாக்கு சப்பென்று ஆகிவிடும். பெரிய இடத்துக் கல்யாணம். பந்தலுக்கு விளக்கு போடும் வேலை எங்களுக்கு. பந்தலுக்கு எதற்கு எர்த்து என்று தங்கையன் கேட்டான். கேட்டது தப்பு. "மழை பெய்து ஷாக்கு அடிச்சா மாப்பிள உனக்க மடியிலயா வந்து விழுவாரு?" என்று கத்திவிட்டு, வாழைத்தோப்பில் குழி தோண்டவைத்தார் அண்ணாச்சி. இராஜாக்கமங்கலத்திலிருந்து எங்களுக்கு உப்பு கொண்டுவரும் வண்டி அன்று வந்துசேரவில்லை. அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்தார். சமையல் கொட்டகையில் முழு மூட்டை உப்பு இருந்தது.

பந்தி உட்கார்ந்தது. பருப்பு வந்தது, அவியல் வந்தது, எரிசேரி வந்தது. எதிலும் உப்பில்லை. சமையல்காரத் தவசிப்பிள்ளை தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பெண்ணின் சித்தப்பா இலையிலிருந்து எழுந்து வந்து, "உப்பு எங்க ஓய்?" என்றார்.

"உப்பு எர்த்துல இருக்கு" என்றார் அண்ணாச்சி, பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்வதைப் போல.

அடி விழவில்லை. அடிக்க வந்தவர்களுக்கு அவர் கையிலிருந்த ஒயரில் கரண்டு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம்.

இத்தனையிலும் பெரிய அதிர்ச்சி அவருடைய கட்டிப்பிடி வைத்தியம். புது மோட்டார் ஒன்றை எங்கே பொருத்தினாலும், முதல்முதலாக ஓடவிடும்போது பெல்ட்டை மாட்டமாட்டார். தரையில் தண்ணீர் தெளிப்பார். சட்டையைக் கழற்றுவார். செருப்பைக் கழற்றுவார். ஓடுகிற மோட்டாரை வெறும் நெஞ்சோடு, ஈரத்தரையில் வெறுங்காலோடு, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறந்த வீட்டுக்குப் போய்வந்த சம்சாரத்தைக்கூட அவர் அப்படிக் கட்டியிருக்கமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "கொள்ளாம்" என்பார். அதுதான் கம்பெனியின் கேரண்டி. அதன் பிறகுதான் வேறொருவர் மோட்டாரைத் தொடலாம்.

"அண்ணாச்சி, ஒரு நாள் இல்லேன்னா ஒரு நாள்..." என்று நான் இழுத்தேன்.

"எனக்க தகடு மண்ணுக்குள்ள இருக்கது வரைக்கும் எனக்கு ஒண்ணும் வராது, போ."

இனிக் கருங்கல்.

கருங்கல் பக்கத்தில், வீட்டோடு ஒட்டிய ஒரு ரைஸ் மில். முதலாளி டீசல் எஞ்சினை மாற்றி மின்சார மோட்டார் வைக்கத் தீர்மானித்தார். அதுவரை நாங்கள் செய்ததெல்லாம் கிணற்று மோட்டாரும் கல்யாணப் பந்தலும்தான். பலகையில் சந்துக்குள் ஒளிந்திருந்த அந்த 'இண்டஸ்ட்ரியல்' முதல்முறையாக உண்மையாகப் போகிறது. அந்த மேற்குப் பக்கத்து மில்காரர்கள் எல்லோரும் இந்த ஒரு மில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது நன்றாக ஓடினால் அத்தனை மில்லும் எங்களுக்கு. ஓடவில்லையென்றால் பலகையைச் சந்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

முதலாளிக்கும் அவர் தம்பிக்கும் பழைய டீசல் மில்லின் பங்கில் பெரும் தகராறு. இது எங்களுக்குத் தெரியாது. முதல் நாள் வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் விசாரித்தோம். கடைக்காரர் வழியும் சொல்லிச் சாயாவும் வாங்கிக் கொடுத்தார். அவர்தான் அந்தத் தம்பி. சாயா குடித்த சேதி எங்களுக்கு முன்னால் மில்லுக்குப் போய்விட்டது.

முதலாளியின் மனைவியை ஊரே முதலாளியம்மை என்றுதான் சொல்லும். உண்மையில் மில்லின் முதலாளி அவர்தான். முதலாளி அவருடைய கணவர், அவ்வளவே. அந்த அம்மாள் புறவாசலில் நின்று நாங்கள் எர்த்து போடுவதை முழுக்கப் பார்த்திருக்கிறார். இப்போது அவர் கண்ணால் நீங்களும் பாருங்கள். கொழுந்தன் கடையில் சாயா குடித்துவிட்டு வந்த ஒரு வெளியூர்க்காரன், வீட்டு மூலையில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டுகிறான். அதில் செப்புத் தகட்டை இறக்குகிறான். உப்பைக் கொட்டுகிறான், கரியைக் கொட்டுகிறான், மறுபடி உப்பு, மறுபடி கரி. சட்டையில்லாமல் நின்று வாய்க்குள் என்னவோ முணுமுணுக்கிறான். கடைசியில் ஒரு குடம் தண்ணீரைத் தன் கையால் ஊற்றுகிறான்.

அந்த வட்டாரத்தில் எதிரியின் வீட்டில் செய்வினை வைப்பது கிட்டத்தட்ட இப்படித்தான். மந்திரம் எழுதிய தகட்டை யாருக்கும் தெரியாமல் வீட்டு மண்ணில் புதைத்துவிடுவார்கள். எங்கள் அண்ணாச்சி பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, ஆள் வைத்துப் புதைத்துவிட்டு, "எர்த்து பிரமாதமாட்டு அமைஞ்சுட்டு அம்மா, இனி இந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு பாருங்கோ" என்று வேறு சொல்லிவிட்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினார்.

மூன்றாம் நாள் முதலாளிக்குக் காய்ச்சல். அம்மாள் ஆசானுக்கு ஆளனுப்பினார்.

ஆசான் என்றால் அங்கே மந்திரவாதிக்குள்ள மரியாதைப் பெயர். இந்த ஆசான் செய்வினைத் தகட்டை இடம் கண்டு தோண்டி எடுப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். மெலிந்த ஆள், வெயிலிருந்தாலும் இல்லாவிட்டாலும் குடை. குழியைத் தோண்டவைத்து, தகட்டை மேலே தூக்கியதும் ஆசானே ஆடிப்போனாராம். அவர் ஆயுளில் எடுத்த தகடெல்லாம் உள்ளங்கை அகலம். இது முறம் அளவு. போதாததற்குத் தடித்த கம்பி வேறு கட்டியிருக்கிறது. "அம்மா, செய்தவன் லேசுப்பட்டவன் இல்ல. கம்பி கட்டியாக்கும் செய்திருக்கான்" என்றாராம். கம்பியை வெட்டச் சொன்னார். தகட்டைத் துணியில் சுற்றி, திறப்பு விழா முடியும்வரை தன் கையைவிட்டு இறக்குவதில்லை என்று எடுத்துக்கொண்டார். குழியை மூடி அம்மாள் ஒரு வாழைக்கன்று நட்டார். முதலாளிக்கும் காய்ச்சல் விட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இதெல்லாம் நாங்கள் பின்னால் கேட்டறிந்தவை. திறப்பு விழாவன்று நாங்கள் மூவரும் புது வேட்டி கட்டிக்கொண்டு மில்லுக்குள் நுழைந்தபோது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தோரணம் கட்டியிருந்தார்கள். வாசலில் நெல்வண்டிகள் வரிசையாக நின்றன. அக்கம்பக்கத்து மில்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக ஒருவர் குடையும் துணிப்பொதியுமாக நின்றார். முதலாளியம்மை குளித்து ஈரத்தலையோடு, சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மோட்டார் பக்கத்திலேயே நின்றார். அண்ணாச்சி கட்டிப்பிடித்து முடித்ததும் அவர் மோட்டாருக்குச் சந்தனம் வைப்பதாக ஏற்பாடு.

தங்கையன் ஸ்டார்ட்டரை இழுத்தான். மோட்டார் உறுமி வேகம் பிடித்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. அண்ணாச்சி சட்டையைக் கழற்றி என்னிடம் எறிந்தார், தரையில் தண்ணீர் தெளித்தார், கட்டிப்பிடித்தார், கண்ணை மூடினார்.

உடனே கண்ணைத் திறந்தார்.

"தங்கையா, நிறுத்து" என்றார். மெதுவாகச் சொன்னார். அந்த மனிதர் எதையும் மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மோட்டார் நின்றது. அண்ணாச்சி தன் முழங்கையைத் தடவினார். "எறும்பு ஊருத மாதிரி இருக்கு. எர்த்து இல்ல" என்றார். சுவரோடு போகும் கம்பியைப் பிடித்துக்கொண்டே புறவாசலுக்குப் போனார். நாங்களும் பின்னால் ஓடினோம். கம்பி பாதியில் வெட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் குழியின் மேல் வாழைக்கன்று ஒன்று புது இலை விட்டு நின்றது.

"எனக்க தகடு எங்க?"

குடைக்காரர் துணிப்பொதியைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

முதலாளியம்மைதான் முன்னால் வந்தார். "தகட எடுத்தாச்சு ஓய். எனக்க கொழுந்தன் சொல்லித்தானே வச்சீரு? எனக்கு எல்லாம் தெரியும்."

அண்ணாச்சிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளிறிப்போயிற்று. செய்வினைக்காரன் என்று சொல்லிவிட்டார்களே என்றா? அதை அவர் காதிலேயே வாங்கவில்லை. கம்பி தோலுரிந்தால் என்ன ஆகும், கரண்டு எப்படி மண்ணுக்குப் போகும் என்று கையையும் காலையும் ஆட்டி விளக்க ஆரம்பித்தார். அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"செரி. கரண்டு மண்ணுக்குப் போறதுக்கு உப்பும் கரியும் எதுக்கு ஓய்? அது என்ன கஞ்சியா குடிக்கப் போவுது? நான் பச்சப்புள்ளயா?"

கூட்டம் சிரித்தது. முதலாளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "மோட்டாரு ஓடிச்சுல்லா? பொறவு என்ன? நீரே கட்டிப் புடிச்சீரு. உமக்கு ஒண்ணும் ஆவல்லியே? தகடு இல்லாமலும் ஓடும்னு நீரே காட்டித் தந்துட்டீரு. பேசாம ஓட்டும்."

நான் திகைத்துப்போனேன். எத்தனை வருஷமாக எல்லோருக்கும் தைரியம் சொல்ல அவர் செய்துவந்த காரியம், இன்று அவருக்கே எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. இன்று மோட்டார் புதிது, கம்பிக்குத் தோல் இருக்கிறது. தோல் உரிகிற நாளில்தான் தகடு வேண்டும். அந்த நாள் எது என்று யார் சொல்ல முடியும்?

"இப்போ ஓட்டலேன்னா மோட்டாரக் கழத்திக்கிட்டுப் போவலாம். வேற ஆளு இருக்கு" என்றார் முதலாளி. நாற்காலியில் இருந்த மில்காரர்கள் தலையை ஆட்டினார்கள். தங்கையன் என்னைப் பார்த்தான். மோட்டாரை ஓட்டிவிட்டால் மேற்குப் பக்கம் முழுக்க எங்களுக்கு. யாரும் குற்றம் சொல்லமுடியாது, அவர்களேதானே தோண்டினார்கள்.

அண்ணாச்சி அம்மாளின் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சந்தனம் குழைத்த கை, சொட்டச் சொட்ட ஈரம்.

விறுவிறுவென்று உள்ளே போய் ஃபியூஸ்களைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வந்தார். "தகடு மண்ணுக்குப் போவாம இது ஓடாது. கம்பெனி போனா போட்டு" என்றார். பிறகு நேராக அந்தக் குடைக்காரரை நோக்கி நடந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நான் அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அண்ணாச்சி ஆசான் முன்னால் நின்று, இரண்டு கையையும் கூப்பினார்.

மெக்கர் அடித்தபோதுகூட நான் அப்படி அதிரவில்லை. பேங்கு ஏஜெண்ட் முன்னால் கூப்பாத கை அது. திவான் காலத்து அதிகாரி முன்னால் கூப்பாத கை. கோயிலுக்குப் போனால்கூடச் சாமியைப் பார்க்காமல் வயரிங்கைப் பார்த்துவிட்டு வருகிறவர்.

"ஆசானே, அந்தத் தகடு லேசுப்பட்டதில்லன்னு கண்டுபுடிச்சது நீங்களாக்கும். அது மண்ணுக்கு வெளிய கெடந்தா ஆபத்து. இனி அது கொழுந்தனுக்கத இல்ல, இந்த அம்மைக்க தகடு. உங்க கையால, உங்க மந்திரத்தோட, இந்த வீட்டுக்குக் காவலாட்டு திருப்பி வச்சுத் தரணும்."

ஆசான் அண்ணாச்சியின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன கண்டார் என்று எனக்குத் தெரியாது. பொதியை அவிழ்த்தார்.

"வைக்கலாம்" என்றார். "ஆனா இதுக்கு உப்பும் கரியும் வேணும்."

"எவ்வளவு வேணும் ஆசானே?"

"முன்ன எவ்வளவு இருந்துதோ, அவ்வளவு."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஆசானின் காதில் ஏதோ சொன்னார். ஆசான் அம்மாளைப் பார்த்து, "தெனமும் குளிச்சிட்டு ஒரு குடம் தண்ணி இதுக்க மேல ஊத்தணும். ஒரு நாள் விட்டாலும் பலிக்காது. கேட்டியளா?" என்றார். அம்மாள் பயபக்தியோடு தலையாட்டினார்.

வாழைக்கன்று இடம் மாறியது. ஆசான் மந்திரம் சொல்ல, தகடு இறங்கியது. நடுவில் அண்ணாச்சி குழிக்குள் குதித்துக் கம்பியை முடுக்கினார். ஆசான் உச்சரித்துக்கொண்டே, "இன்னும் முடுக்கணுமா?" என்று கேட்டார். விருந்துச் சாப்பாடு ஆறி அவலாகிப் போனது. வண்டிக்காரர்கள் நெல்மூட்டை மேல் படுத்துத் தூங்கினார்கள். சாயங்காலம் மோட்டார் மறுபடி ஓடியது. அண்ணாச்சி மறுபடி கட்டிப்பிடித்தார். "கொள்ளாம்" என்றார். அம்மாள் ஈரக்கையால் மோட்டாருக்குச் சந்தனம் வைத்தார்.

வேலை தப்பியது, மானம் தப்பவில்லை. கோட்டாறில் எங்களுக்கு 'மந்திரவாதிக் கம்பெனி' என்று பெயர் விழுந்தது. போட்டிக் கடைக்காரர்கள், "என்ன ஓய், இன்னைக்கு ஆருக்குச் செய்வினை?" என்று கேட்பார்கள். முன்பானால் கட்டிங் பிளேயரோடு சண்டைக்குப் போகிற மனிதர், கேட்காதவர் போலப் போனார். அதோடு விட்டாரா? மேற்குப் பக்கத்தில் அடுத்த மில் வேலை வந்ததும் ஆசானை அழைத்துக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பக்கம் எங்கள் குழி எல்லாவற்றுக்கும் ஆசான்தான் சூப்பர்வைசர். செம்பு திருடுகிறவன்கூட எங்கள் தகட்டின் பக்கம் அண்டவில்லை. ஆசானுக்கும் மெக்கர் பரீட்சை வைக்கவேண்டும் என்று அண்ணாச்சி ஒரு நாள் பெட்டியை எடுத்தார். ஆசான் குடையை விரித்து நடுவில் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பரிச்ச வேண்டாம், நம்பிக்க இருக்கு" என்றார்.

பிறகு ஒரு ஐப்பசி மழையில் கருங்கல் மில்லிலிருந்து ஆள் வந்தது. படார் என்று சத்தம் கேட்டு ஃபியூஸ் போய்விட்டதாம், மோட்டார் ஓடவில்லையாம். போனோம். தங்கையன் மோட்டாரைப் பிரித்தான். உள்ளே ஒரு கம்பி தோல் கருகி, இரும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அந்தக் கறுப்புத் தழும்பையே பார்த்தார்.

"அப்போ பக்கத்துல ஆரு நின்னா?"

"நான்தான்" என்றார் முதலாளியம்மை. "வெள்ளிக்கிழமையில்லா? சந்தனம் வச்சுக்கிட்டு நின்னேன். கை மோட்டாருக்க மேலதான் இருந்துது. சுருக்குன்னு ஒண்ணு, அவ்வளவுதான்."

அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"ஓய், உமக்க மோட்டாரு என்னக் கொல்லப் பாத்துது. ஆசானுக்க தகடு தடுத்துப் போட்டு" என்றார் கோபமாக.

இதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனியைப் பணயம் வைத்தது யார், கை கூப்பியது யார், ஊர்ச் சிரிப்பைத் தாங்கியது யார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணாச்சி என் காலை மிதித்தார். "உள்ளதாக்கும் அம்மா. தண்ணி ஊத்துகத மட்டும் விட்டுராதீங்க" என்றார்.

பஸ்ஸில் அவரோடு சண்டை போட்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி."

"அவ தெனமும் தண்ணி ஊத்துகா மக்கா. ஆசான் சொன்னதுனால ஊத்துகா. நான் சொன்னா ஊத்துவாளா? இன்னைக்கு அவ நின்னுக்கிட்டு என்னைய ஏசுதா பாத்தியா? அது போரும்."

நாலைந்து நாள் கழித்து ஆசான் கோட்டாறுக் கடைக்கு வந்தார். ஒரு கையில் குடை, தோளில் பெரிய மட்டிப்பழக் குலை. மூச்சு வாங்க அதை என் மேஜையில் இறக்கினார்.

"முதலாளியம்மை எனக்குன்னு குடுத்து விட்டா, உயிரக் காப்பாத்துனதுக்கு" என்றார் அண்ணாச்சியிடம். "எனக்க வீட்டுல ஒரு பழமும் உரிக்கல்ல. இது எனக்குள்ளது இல்ல. ஆருக்குள்ளதுன்னு எனக்குத் தெரியாதா வேய்?"

சொல்லிவிட்டு, சாயாகூடக் குடிக்காமல் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அண்ணாச்சி எழுந்து ஒயர்ச் சுருள்கள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எத்தனையோ அதிர்ச்சி தந்த மனிதர், அவர் அழுது பார்க்கிற அதிர்ச்சியை மட்டும் என்னால் தாங்கமுடியாது என்று அப்போது தெரிந்தது. நான் குலையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, அவர் பக்கத்தில் போய் நின்றேன். திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டார்.